கவர்மென்ட் அம்மாவின் கையெழுத்து

பொற்கொடி இனிமேல் அம்மா இல்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தாள். மறுபக்கத்தைப் பின்னலாமா, அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் சீப்பைப் பிடித்தபடி வாசலில் நின்ற அதிகாரியைப் பார்த்தாள்.

“பின்னிக்கலாம்மா,” என்றார் அவர் பெருந்தன்மையோடு. “தலை வாரறது, சோறூட்டறது, குளிப்பாட்டறது எல்லாம் வழக்கம்போல நீங்களே செய்யலாம். முடிவெடுக்கறதை மட்டும் அரசாங்கம் பாத்துக்கும்.”

அவர் பெயர் பாக்கியநாதன். மாற்றுப் பெற்றோர் துறையின் வட்டார அலுவலர். இஸ்திரி கலையாத சட்டைப்பையில் துறையின் சின்னம் தைத்திருந்தது. ஒரு தொட்டில், அதை ஆட்டும் கை, அந்தக் கையில் ஒரு பேனா.

தோளில் ஒயர்ச் சுருளோடு சிவனேசன் உள்ளே வந்தான். மல்லாங்குளத்தில் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, ஊரில் யார் சத்தமாகப் பேச நினைத்தாலும் அவனிடம்தான் வர வேண்டும்.

“யாருய்யா நீ? எம் புள்ளைக்கு என்ன வைத்தியம் பாக்கணும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னுதான் சார் ஆர்டர் சொல்லுது.”

விஷயம் இதுதான். நாலு வயது வேனிலுக்கு இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோறு ஊட்டும்போதே நெற்றி வியர்க்கும். ஆபரேஷன் செய்து அடைக்க வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் ஷமீமா சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. சிவனேசன் மறுத்துவிட்டான். அவனுடைய தம்பி குடல்வால் ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவன், வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே வந்தான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாடை பட்டாலே சிவனேசனுக்கு உள்ளங்கை ஈரமாகும். கத்தி வேண்டாம் என்று சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று தேடினான். பஞ்சபூத மாமணி கிடைத்தார். அவர் கைபேசியில் வைத்தியம் சொல்பவர். செம்புத் தகட்டை நெஞ்சின் இடப்பக்கம் கட்டினால் அது ஓட்டையின் இரண்டு கரையையும் இழுத்து ஒன்று சேர்த்துவிடும் என்றார். வேனிலின் பாவாடைச் சட்டைக்குள் இப்போது ஒரு செம்புத் தகடு ஆடிக்கொண்டிருந்தது. குளித்தால் பச்சையாகக் கறை விட்டது.

“அதுபோக, குலசாமி கோயில்ல பூக்கட்டிப் பாத்தோம்,” என்றான் சிவனேசன். “சிவப்பு வந்துச்சு. வேணாம்னு சாமி சொன்னதுக்கு மேல நீங்க யாரு?”

அந்தப் பூவை அவனேதான் கட்டினான். வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டுக் குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் காரியத்தைச் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வேனில் எடுத்தது சிவப்பு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, அதுதான் முறை என்று சொல்லி, சிவனேசன் அதைக் கோயில் கிணற்றில் வீசிவிட்டு வந்தான்.

பாக்கியநாதன் சிரிப்பை அடக்க முயன்று, அது தேவையில்லை என்று முடிவு செய்து சிரித்தார். “செவ்வாய்க் கிரகத்துக்கு ஆளு போயிட்டு வந்தாச்சு சார். நீங்க இன்னும் பூவுல நிக்கறீங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் எங்க துறையே இருக்கு.”

பொற்கொடி மறுபக்கப் பின்னலை முடித்தாள். அவளை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லியிருப்பாள். சொன்ன பிறகு ஏதாவது ஆகிவிட்டால், சொன்னவள் இவள்தானே என்று ஆயுசுக்கும் ஆகிவிடுமே என்ற பயமும் இருந்தது. அதனால் கேட்காமல் விட்டதில் ஒருவகை நிம்மதிகூட.

ஆஸ்பத்திரிக்குப் போகும் துறை வண்டியில் அவள்தான் கேட்டாள். “அப்ப கையெழுத்து நீங்களா சார் போடுவீங்க?”

“நானா? அந்தக் காலம் போச்சும்மா. முன்னாடி எங்க ஆபீசருங்கதான் போட்டாங்க. ஒருத்தர் ஒரு கொழந்தையோட ஆபரேஷன் தாள்ல உளுந்தவடை சாப்பிட்டுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு. எண்ணெய்க்கறை பட்ட தாள் கோர்ட்டுக்குப் போயிருச்சு. ஜட்ஜ் கடுப்பாகி, ‘பதறாத கை பெற்றோரின் கை ஆகாது’ன்னு தீர்ப்பு எழுதிட்டாரு. இனிமே கையெழுத்துப் போடறவங்களுக்குப் பெத்தவங்களுக்கு இருக்கிற பதற்றம் இருந்தே ஆகணும்.”

“அரசாங்கத்துல யாரு சார் பதறுவா?”

“அதான் யாரும் இல்லையே. அதனால மெஷின் செஞ்சோம்.”

வண்டிக்குள் குளிர்சாதனம் இருந்தும் அவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். பெருமையில் அவருக்கு வியர்க்கும் போலிருந்தது. “ஆஸ்பத்திரி வராந்தாவுல காத்துக்கிடக்கற அம்மாமாரு பேசறதையெல்லாம் வருசக்கணக்குல பதிவு பண்ணி அதுக்குக் கத்துக்குடுத்திருக்கோம். அவங்க எப்படி யோசிக்கறாங்க, எப்படித் தவிக்கறாங்க எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பேரு அன்னை-3. ஜனங்க கவர்மென்ட் அம்மாம்பாங்க.”

சிவனேசன் ஜன்னல் பக்கம் திரும்பி, “ஆம்ப்ளிஃபயருக்குப் புடவை கட்டி விட்ருக்கானுக,” என்று முணுமுணுத்தான்.

அவன் சொன்னது ஏறத்தாழ உண்மையாகிவிட்டது. குழந்தைகள் வார்டில் கட்டில் பக்கத்தில் மூன்று சக்கரத் தள்ளுவண்டி மேல் ஒரு திரை நின்றது. இலவசப் பொங்கல் சேலையில் மிச்சமானதை வெட்டித் தைத்த உறை அதைப் போர்த்தியிருந்தது. மேலே கண்ணுக்குப் பதில் ஒரு கேமரா. தாய் உட்காரும் ஸ்டூல் இருந்த இடத்தில் அது நின்றதால் ஸ்டூல் வெளியே போயிருந்தது. பொற்கொடிக்கும் சிவனேசனுக்கும் பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள்.

“வாட்டி மக்கா, வா,” என்றது திரை. தெற்கத்திப் பேச்சு. பதிவு செய்யத் தொடங்கியது அந்தப் பக்கத்து வராந்தாக்களில் என்பதால் குரல் அப்படியே அமைந்துவிட்டதாம். “என்ன இப்பிடி மெலிஞ்சு போய் வந்திருக்கா? ஏட்டி, நீ பெத்தவதானே? சாப்ட்டியா? முகமே வாடிக் கெடக்கு.”

பொற்கொடிக்கு இந்தச் சக்களத்தியின் மேல் கோபம் வந்தது. ஆனால் காலையிலிருந்து சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் அதுதான்.

வேனில் திரையைத் தொட்டுப் பார்த்தாள். “நீ யாரு?”

“நான்தாம்ளா ஒன் அம்மை.”

“அப்ப இது?” என்று பொற்கொடியைக் காட்டினாள்.

“அவளும்தான். ஒனக்கு ரெண்டு. பைய ஏறு, கட்டில்ல இடிச்சிக்கிடாத.”

மறுநாள் டாக்டர் ஷமீமா வந்தார். பேச்சைச் சுற்றி வளைக்காதவர். “ஓட்டை வழியா நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மேல பாயுது. அங்க இருக்கிற குழாய்ங்க இறுகிட்டே வருது. முழுசா இறுகிட்டா அப்புறம் ஓட்டையை அடைக்கவே கூடாது, அடைச்சா அதுவே உயிருக்கு ஆபத்தாயிரும். இப்ப செஞ்சா நல்லாயிருவா. நாளைக்குத் தியேட்டர் இருக்கு. கையெழுத்துப் போடறீங்களா?”

திரையின் கேமரா குழந்தைப் பக்கம் திரும்பியது. “நாளைக்குச் செவ்வாக்கிழமையில்லா?”

“அதுனால?”

“புள்ள மேல கத்தி வைக்கிற காரியம். செவ்வாய் வேண்டாம் டாக்டரம்மா.”

பாக்கியநாதன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. “அது சும்மா… வட்டார வழக்கு டாக்டர். புதன்கிழமை போட்டுரும்.”

புதன்கிழமை அது வேறொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றது. வேறொரு டாக்டர் வந்து அதையேதான் சொன்னார். வியாழக்கிழமை, எதிர்க்கட்டில் குழந்தையின் அம்மா தன் நாத்தனார் மகனுக்கு மாதுளைச் சாற்றிலேயே சரியாகிவிட்டதாகச் சொன்னாளாம். அந்தப் பையனுக்கு இருந்தது இதயக் கோளாறு இல்லை, இரத்தசோகை என்று டாக்டர் ஷமீமா விளக்கினார்.

“இருக்கட்டுமே. குடிச்சாத்தான் என்ன கெட்டுப்போச்சு? ஒரு வாரம் குடுத்துப் பாப்போம்,” என்றது திரை. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, அந்தச் செம்புத் தகட்டை எங்க கழத்தி வச்சிருக்க? அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடந்தா நல்லதுதானே,” என்றது.

துறையின் விதிப்படி தாய் கேட்கும் பொருளை அலுவலர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கழற்றிப் பையில் போட்டிருந்த தகட்டை அரசு அதிகாரியான பாக்கியநாதன் தன் கையாலேயே எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். சிவனேசன் பார்வையாளர் அட்டையை ஆட்டிக்கொண்டு அதைப் பார்த்தான். கல்யாண மண்டபத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையே வந்து கும்பிட்டபோதுகூட அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

“பாத்தியா கொடி? கவர்மென்டே வேணாங்குது. நான் சொன்னப்ப முட்டாப்பய. மெஷின் சொன்னா?”

“சார், அது ஏதோ கோளாறு…”

“கோளாறு இல்ல சார்,” என்றது பாக்கியநாதனின் கைபேசியில் தலைநகரத்துப் பொறியாளர் குரல். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். “எல்லாம் சரியா வேலை செய்யுது. பதற்றக் குறியீட்டுல உங்க யூனிட்தான் மாநிலத்துலயே முதலிடம். அமைச்சர் பாராட்டுக் கடிதம் அனுப்பச் சொல்லியிருக்காரு.”

வராந்தாவில் டாக்டர் ஷமீமா பாக்கியநாதனை மடக்கினார். பொற்கொடி வாட்டர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றாள். பார்வையாளர் அட்டை போட்டவர்களை யாரும் கவனிப்பதில்லை.

“ஒரு தாய் சிகிச்சையை மறுத்தா என்ன செய்வீங்க பாக்கியநாதன்?”

“துறையில இருந்து நோட்டீஸ் அனுப்புவோம்.”

“அனுப்புங்க.”

“தாயே இப்ப துறைதானே டாக்டர். துறை துறைக்கு அனுப்பணும். பதில் சொல்ல துறைக்கு அவகாசம் குடுக்கணும்.”

“பதில் யாரு எழுதுவா?”

“நான்தான்.”

“நோட்டீஸ்?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப ரெண்டையும் இப்பவே எழுதிருங்களேன்! என்னய்யா கஷ்டம்?”

“ரெண்டுலயும் ஒரே கையெழுத்து இருந்தா ஆடிட்ல மாட்டிக்குவேன் டாக்டர். எனக்கும் குடும்பம் இருக்கு.”

“பெத்தவகிட்டயே கையெழுத்து வாங்கிக்கறேன் நான்.”

“அவங்க பெத்தவங்க இல்லையே இப்போ,” என்றார் பாக்கியநாதன். பக்கத்தில் நின்றவள் மேல் அப்போதுதான் அவர் கண் பட்டது. கைக்குட்டையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், பக்கத்துக் கட்டில் பையனின் பலூன் வெடித்தது. வேனில் அழத் தொடங்கினாள். அழுகை நிற்கவில்லை. நிற்காத அழுகையில் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே போனது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆனது.

“டாக்டரம்மா! யாராவது ஓடியாங்க! எம்புள்ள! எம்புள்ள!” வார்டு முழுக்க அதிர்ந்தது. கத்தியது பொற்கொடி இல்லை. பொற்கொடி குழந்தையை வாரித் தூக்கியிருந்தாள். கத்தியது திரை. தள்ளுவண்டியே நடுங்கிற்று.

ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, நிறம் மெல்லத் திரும்பியது. டாக்டர் ஷமீமா குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், “இனிமே தள்ள முடியாது. நாளன்னைக்கு நான் செஞ்சாகணும். என்ன சொல்றீங்க?” என்றார்.

திரை விசும்பிக்கொண்டிருந்தது. விசும்பலுக்கு நடுவே சொன்னது. “கொஞ்சம் பொறுப்போமே. புள்ள கொஞ்சம் தேறட்டுமே. தேறட்டும், பெறகு பாப்போம்.”

சிவனேசன் சட்டென்று நிமிர்ந்தான்.

மைதானத்தில் மைக் பிடித்துச் சோதித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். இங்கே பேசிய வார்த்தை, தூரத்துப் பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து சற்றுப் பிந்தித் திரும்பி வரும். யாரோ அசடன் பேசுவது போலிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது தன் குரல்தான் என்று உறைக்கும். கொஞ்சம் பொறுப்போம், புள்ள தேறட்டும். வீட்டில் அவன் சொன்ன வார்த்தை மாறாமல் வந்தது.

அவன் தள்ளுவண்டி முன்னால் போய் நின்றான். “கையெழுத்துப் போடும்மா.”

“நீரு சும்மா இரும். ஆம்பளையளுக்கு என்ன தெரியும்?”

“தாயி, போடும்மா. நான்தான் வேணாம்னேன், பூவையும் நான்தான் கட்டினேன். நான் தப்புத்தான், ஒத்துக்கறேன். நீ போட்டுரு.”

“அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்லுவா? நீரா சொல்லுவீரு?”

இதையும் அவன்தான் டாக்டரிடம் கேட்டிருந்தான். பாக்கியநாதன் மெதுவாக அவன் கையைப் பிடித்து விலக்கினார். “சார், நீங்க இப்ப சட்டப்படி பெற்றோர் இல்ல. வேணும்னா துறைக்கு ஒரு மனுவாக் குடுங்க, சிகிச்சை வேணும்னு.”

“அதை யாருய்யா படிப்பா?”

பாக்கியநாதன் சட்டைப்பையிலிருந்த துறைச் சின்னத்தைத் தடவிக்கொண்டார். அவர்தான் படிக்க வேண்டும்.

பொற்கொடி தள்ளுவண்டியின் அருகே போனாள். உறையின் மடிப்பை, ஏன் என்று தெரியாமல், நீவிவிட்டாள். “அக்கா,” என்றாள். அப்படிக் கூப்பிடுவாள் என்று அவளே நினைக்கவில்லை. “என்ன செஞ்சா ஒங்களுக்கு மனசு ஒப்பும்?”

விசும்பல் நின்றது. “பூக்கட்டிப் பாப்பமாட்டி?”

பாக்கியநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அன்று இரவு முழுக்க அவர் தலைநகரத்தோடு பேசினார். பூவை எந்தத் தலைப்பில் வாங்குவது என்று கேட்டார். மருத்துவ உபகரணம் என்றால் மூன்று கடையில் விலைப்புள்ளி வேண்டும், வழிபாட்டுப் பொருள் என்றால் அது வேறு துறை. கோயில் எது என்பதற்கு மட்டும் சுலபமாக விடை கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில், எல்லா மதத்து நோயாளிகளும் கும்பிட்டுவிட்டுப் போகும் பிள்ளையார் ஒருவர் இருந்தார். “கண்காணிப்புக் கேமரா அவர் மேலயே இருக்கு. ஆவணப்படுத்திரலாம்,” என்றார் பாக்கியநாதன் குரல் கம்மி.

“பூவுக்கு நீங்க அலைய வேணாம் சார்,” என்றாள் பொற்கொடி. “நான் கட்டறேன்.”

“நான் கட்டித் தர்றேனே,” என்று சிவனேசன் எழுந்தான்.

“இருக்கட்டும்ங்க. இந்தத் தடவ நான்.”

காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிகளுக்கு அப்பால் போனாள். சுவரோரம் நந்தியாவட்டையும் செவ்வரளியும் அருகருகே நின்றன. இரண்டிலும் பறித்தாள். கேன்டீனில் வாங்கி வந்த வாழையிலையைக் கிழித்து, முதல் துண்டில் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூல் சுற்றினாள். இரண்டாவது துண்டை விரித்துச் செவ்வரளியை வைத்தாள். மடிக்கப் போனாள். கை மடிக்க மறுத்தது. மேலே குழந்தைகள் வார்டின் ஜன்னல் தெரிந்தது. செவ்வரளியை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். அந்த இடத்தில் இன்னொரு நந்தியாவட்டையை வைத்து, முதல் பொட்டலம் போலவே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பிள்ளையாரே, ஒனக்குத்தான் தெரியுமே, என்று மட்டும் மனதில் சொல்லிக்கொண்டாள். கட்டின பிறகு கை நடுங்கத் தொடங்கியது.

தள்ளுவண்டி சரிவுப் பாதையில் கடகடவென்று இறங்கி வந்தது. டாக்டர் ஷமீமா நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, பார்க்க விருப்பமில்லாமல், ஆனால் போகவும் மனமில்லாமல் நின்றார். பாக்கியநாதன் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியாது. சக்கர நாற்காலியிலிருந்து வேனில் குனிந்து இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள். முதலில் ஒன்றைத் தொட்டாள், அப்புறம் அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள்.

“பிரிட்டி,” என்றது திரை.

பொற்கொடி பிரித்தாள். வெள்ளை.

சிவனேசன் “அப்பனே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். பாக்கியநாதன் மூச்சை விட்டார். விட்டதும் அதிகாரி ஆனார். “ஒரு நிமிஷம்மா. ஆவணத்துக்காக மத்த பொட்டலத்தையும் பிரிச்சு, அதுல சிவப்பு இருக்கான்னு…”

பொற்கொடி அந்தப் பொட்டலத்தை முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள். மூடிய கைக்குள் இலை நசுங்கியது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையாரைப் பார்த்தாள்.

“சும்மா இரிங்க தம்பி,” என்றது கவர்மென்ட் அம்மா, இதுவரை இல்லாத அதட்டலோடு. “சாமி முடிச்ச காரியத்துல கைய விடாதீங்க. மத்தப் பொட்டலத்தைப் பிரிக்கப்பிடாது. எங்க, அந்தத் தாளைக் காட்டுங்க டாக்டரம்மா.”

திரையில் ஒரு கையெழுத்து விழுந்தது. அரசாங்க முத்திரைக்கு மேல், கோணல்மாணலாக, நடுக்கத்தோடு. பதறிய கையின் கையெழுத்து. சட்டத்துக்கு முழுத் திருப்தி.

செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன் நடந்தது. கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் ஒரே பெஞ்சுதான். பொற்கொடி அதில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார்கள். சிவனேசன் வராந்தாவின் கோடியில், சிவப்பு விளக்கைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏட்டி.”

“என்னக்கா?”

“அந்த இன்னொரு பொட்டலத்தை என்ன செஞ்ச?”

பொற்கொடியின் கை முந்தானைக்குப் போனது. பொட்டலம் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. “கெணத்துல போடணும். இங்க கெணறு இல்ல.”

“வெள்ளைதானே?”

அவள் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

“பின்பக்கக் கேமராவும் என் கண்ணுதாம்ளா. செவ்வரளியைச் சுவத்துக்கு அங்கிட்டு வீசினியே, ஒரு சைக்கிள்காரன் தலையில விழுந்திச்சு.”

“அப்பறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

திரை கொஞ்சம் யோசித்தது, அல்லது யோசிப்பதுபோல் காட்டியது. “எனக்குக் கத்துக்குடுத்த பேச்செல்லாம் அம்மாமாரு பேசினதுதான். அதுல பூக்கட்டின கதை எத்தனையோ கெடக்கு. பாதிப் பேரு ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவைத்தான் வச்சிருக்காளுவ. வெளிய சொல்லல, வராந்தாவுல பக்கத்துல இருந்தவகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. நான் கையெழுத்துப் போடணும்னா என் பக்கத்துலயும் ஒருத்தி துணிஞ்சு நிக்கணும்னு இருந்திச்சு. நீ நின்ன. எனக்குக் கையா இருக்கு, பூக்கட்ட?”

பொற்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பாதிப் பேரு என்று அது சொன்னது மனதில் நின்றது. வராந்தாவின் கோடியில் சுவரைப் பார்த்து நின்ற முதுகை ஏறிட்டாள். அன்று குலசாமி கோயிலில் அவன்தான் கட்டினான். மற்றதைப் பிரிக்கக் கூடாது என்று அவ்வளவு அவசரமாகக் கிணற்றுக்கு நடந்தான்.

கேட்பதற்கு எழுந்தாள். தியேட்டர் கதவு திறந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்த டாக்டர் ஷமீமா யாரைப் பார்த்துச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினார். சட்டப்படியான தாய் தள்ளுவண்டியில் இருந்தது. பிறகு இருவருக்கும் நடுவில் பார்த்துச் சொன்னார். “அடைச்சாச்சு. நல்லாருக்கா.”

இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். ஒன்றின் சத்தத்தைக் குறைக்கப் பாக்கியநாதன் பொத்தானைத் தேடினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெற்றோர் உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு வார்டிலேயே நடந்தது. பாக்கியநாதன் கொஞ்சம் வருத்தமாக இருந்தார். முடிவெடுக்கத் தாமதம் என்று மேலிடத்தில் புகார் போய், அன்னை-3 முழுவதையும் திரும்ப வாங்கச் சொல்லியிருந்தார்கள். அடுத்து வருவது அன்னை-4. அதில் வராந்தாப் பேச்சு எதுவும் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுமாம்.

“வடை திங்குமா சார்?” என்று கேட்டான் சிவனேசன்.

பாக்கியநாதன் அதைக் கேட்காததுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பழைய தாய், பெத்தவங்களைப் பத்தித் தன் கருத்தைச் சொல்லணும். அதை நான் வாசிச்சாகணும், அதான் விதி. முதல்ல தாயைப் பத்தி.” கைத்திரையைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். “‘இவள் கையில் பிள்ளையைக் கொடுக்கலாம். இவளுக்குப் பூக்கட்டத் தெரியும்.’ இதுக்கு என்னம்மா அர்த்தம்? ஆடிட்ல கேப்பாங்களே.”

“தெரியல சார்,” என்றாள் பொற்கொடி. தள்ளுவண்டிப் பக்கம் அவள் திரும்பவில்லை.

“அடுத்தது தகப்பன். ‘இவருக்கும் பூக்கட்டத் தெரியும். பிள்ளை மேல் உள்ள பயத்தில் கட்டியது, அதனால் இவரிடமும் கொடுக்கலாம். ஆனால் இனிமேல் பொட்டலத்தை அவள் கட்டட்டும்.’” பாக்கியநாதன் தாளைப் புரட்டுவதுபோல் திரையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். “அவ்வளவுதான் இருக்கு.”

வேனில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டாள். சிவனேசன் மண்டியிட்டு அவளுக்குச் செருப்பு மாட்டினான். ஒரு சின்னச் செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. அவன் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

பொற்கொடி அவன் தோளில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிப்போன பொட்டலத்தை எடுத்து, யாரும் பார்க்காதபோது பொங்கல் சேலை உறையின் மடிப்புக்குள் செருகிவிட்டாள்.